கழித்து வைத்த பெயர்கள்

வலிப்பு கிளினிக்கில் நேர்ஸாகப் பதினொரு வருடம் நான் கேட்டு வந்தது ஒரே கேள்விதான். "குளிசை ஒழுங்காய்ப் போடுறியளோ?" பதிலும் பதினொரு வருடமாக ஒன்றுதான். "ஓம் மிஸ்." யாழ்ப்பாணத்தில் டொக்டருக்கும் நேர்ஸுக்கும் முன்னால் இருந்துகொண்டு இல்லை என்று சொல்லும் ஆளை நான் இன்னும் காணவில்லை. தலையிடி மாறிவிட்டதா என்றாலும் ஓம், மாறவில்லையா என்றாலும் ஓம். அதனால் ஓமை நம்புவதில்லை, ஆளைப் பார்த்தே முடிவெடுப்பது என்று எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். வலிப்பு வரவில்லை என்று சிரித்துக்கொண்டு வருகிறவர் குளிசை போடுகிறவர். நாக்கைக் கடித்துக் காயத்தோடு வருகிறவர் போடாதவர். என் சாத்திரம் இவ்வளவுதான். அது பொய்க்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கடற்றொழிலாளி வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் கதைக்காதவர். ஒரு கிளினிக் நாள் மனைவியோடு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். நெற்றியில் பிளாஸ்டர்.

"போன மாதம் மூண்டு தரம் வந்திட்டுது மிஸ்."

"குளிசை?"

"ரண்டு நேரமும் போடுறன்."

"தம்பி, என்ரை காதிலை பூச்சுத்தாதையும். மற்ற ஆக்களுக்கும் இதே குளிசைதான். அவைக்கு வரேல்லை. உமக்கு மட்டும் என்ன விசேசம்?"

"இந்தக் குளிசைக்கு மாத்தினாப் பிறகுதான் மிஸ் இப்பிடி."

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். குளிசை போட மறந்திட்டு, குளிசை சரியில்லை எண்டு கதைக்கிறீர்."

பிறகு அவருடைய மனைவியின் பக்கம் திரும்பினேன். "பிள்ளை, நீர்தான் கவனிக்கோணும். ஆம்பிளையள் போடுறன் எண்டுதான் சொல்லுவினம். உவர் போடுறேல்லை. கடலுக்குப் போற ஆள், உயிரோடை விளையாடுறார்."

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். நான் அவருடைய கிளினிக் கொப்பியில் 'ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை' என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வரிசை வாசல் தாண்டி நின்றது.

அந்தக் குளிசையின் கதையையும் சொல்ல வேண்டும். நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் மருந்தறைத் தட்டுகள் வெறுமையாகிப் போயின. வழக்கமாக வந்த வலிப்புக் குளிசை நின்றுவிட்டது. பதிலுக்கு வேறொரு கம்பனியின் குளிசையைத் தற்காலிக அனுமதியோடு இறக்கினார்கள். பெயர் ஒன்று, நிறம் வேறு. குளிசை என்று ஏதாவது வந்ததே பெரிய காரியம் என்றிருந்த நேரம் அது, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பிறகு நிலைமை சீரான போது அந்தக் கம்பனி நிரந்தர அனுமதி கேட்டது. அனுமதி கொடுக்கிறவர்கள் பல ஊர்களின் கிளினிக்குகளுக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். ஒரு வருடமாக இந்தக் குளிசை எடுத்தவர்களுக்கு எத்தனை தரம் வலிப்பு வந்தது, எத்தனை பேர் வார்டுக்கு வந்தார்கள், வேறென்ன உபாதை என்று கொப்பிகளைப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும்.

எங்கள் டொக்டர் என்னைவிட வயதில் குறைந்தவர், எதையும் விளங்கப்படுத்திவிட்டே வேலை சொல்லுவார். "கம்பனி தன்ரை பரிசோதனைக்கு எடுத்தது தெரிஞ்செடுத்த ஆக்களை மிஸ். அவை மணி பாத்து விழுங்குவினம், பக்கத்திலை ஒராள் நிண்டு பாப்பார். எங்களிட்டை வாறது சாதாரண மனிசர். அவைக்கு உது வேலை செய்யுதோ எண்டுதான் இப்ப கேக்கினம். எங்கடை கொப்பியளை வைச்சுத்தான் முடிவெடுக்கப் போயினம்."

படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களைக் கணக்கில் சேர்க்காமல் தனிப் பட்டியலாகக் கழித்து வைக்க வேண்டும். யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லை என்று யார் சொல்வது? டொக்டர் என்னைப் பார்த்தார். "ஆக்களை உங்களுக்குத்தானே தெரியும் மிஸ்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இரண்டு கிழமை மதியச் சாப்பாட்டைக்கூட மேசையிலேயே முடித்துக்கொண்டு கொப்பி கொப்பியாகப் புரட்டினேன். ஒழுங்கானவர்களுக்கு ஒரு பட்டியல், கழிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பட்டியல். பருத்தித்துறைக்காரரைக் கழிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. முடிவு மிகவும் நன்றாக வந்தது. குளிசை எடுக்கிறவர்களில் ஓரிருவரைத் தவிர எவருக்கும் வலிப்பே இல்லை. என் சொந்த அக்காவும் அந்தப் பட்டியலில் இருந்தாள், ஒரு வருடமாக ஒரு தரமும் வரவில்லை. டொக்டர் வாசித்துவிட்டு, "எங்கடை கிளினிக் திறம்" என்றார். கோப்பு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொழும்புக்குப் போகிற வாகனத்தில் போவதாக இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் பண்டத்தரிப்பில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் தலையில் பட்ட காயத்துக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. தனியாக இருக்கிறாள், என்னை ஏசுவதற்கு மட்டும் அவளுக்கு என் துணை வேண்டும். மூக்குக் கண்ணாடியை எடுத்துவா என்று அலுமாரிக்கு அனுப்பினாள். கண்ணாடியைத் தேடி மேல்தட்டில் கைவைத்தபோது கடதாசி உறைகள் சரிந்து விழுந்தன. எங்கள் மருந்தறையின் உறைகள். மாதத்துக்கு ஒன்றாக, முதல் உறையைத் தவிர எல்லாம் ஒட்டியது ஒட்டியபடி, பிரிக்கப்படாமல்.

"அக்கா, உதென்ன?"

"உங்கடை ஆசுப்பத்திரிக் குளிசை."

"அது தெரியுது. ஏன் உடைக்காமல் கிடக்கு?"

"அண்ணை கனடாவிலை இருந்து அனுப்புறவர். அண்ணியின்ரை தாய்க்கும் உதே வருத்தமாம், டொக்டரிட்டை எனக்கும் சேத்து எழுதுவிக்கினம். நான் அதைத்தான் போடுறன்."

"எப்ப தொடக்கம்?"

"இஞ்சை குளிசை மாத்தின நாள் தொடக்கம். உங்கடையைப் போட்டு முதல் கிழமையே எனக்குக் கை உதறினது. உடனை அண்ணைக்கு எடுத்துச் சொன்னனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ ஏசுவாய்."

"அப்ப ஏன் மாதாமாதம் வரிசையிலை நிண்டு உதை வாங்கிறனீ?"

விசரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "கப்பல் வராமல் கிடந்த காலத்தை மறந்திட்டியே? ஒரு குளிசைக்கு என்ன பாடு பட்டம். தாறதை வாங்கி வைக்கோணும். வேண்டாம் எண்டால் பேரை வெட்டிப் போடுவினம். பேந்து கனடாக் குளிசையும் நிண்டால் ஆரிட்டைப் போறது?"

"டொக்டர் கேக்கேக்கை உந்தக் குளிசைதான் போடுறன், நல்லாய் இருக்கிறன் எண்டு சொன்னனியே!"

"அந்தப் பிள்ளை ஆசையாய்க் கேக்குது. உன்ரை குளிசை கூடாது எண்டு முகத்துக்கு நேரை எப்பிடியடி சொல்லுறது?"

நான் கண்ணாடியை அவள் மடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே வெளிக்கிட்டேன். பஸ்ஸில் இருந்து யோசித்தபோது என் புத்தி போன போக்கை மறைக்கப் போவதில்லை. அக்காவின் பெயரை மட்டும் வெட்டிவிடுவோம், ஒராள் குறைந்தால் கோப்பு ஒன்றும் குடிமுழுகிப் போகாது, டொக்டருக்கும் தெரிய வராது என்றுதான் முதலில் நினைத்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிறவளின் சொந்தத் தமக்கையே இப்படி என்று நாலு பேர் சிரிப்பார்கள். அந்தப் பயம் எனக்கு இருந்தது. ஆனால் சங்கானை தாண்டும்போது இன்னொரு பயம் வந்துவிட்டது. இந்தக் குடாநாட்டில் வெளிநாட்டில் ஒரு அண்ணன் இருப்பது என் அக்காவுக்கு மட்டுமா?

வியாழன் காலை எட்டு மணிக்கு கிளினிக் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தேன். நல்ல பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். வெளிநாட்டுக் குளிசை ஏதும் போடுகிறீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"சீ, இல்லை மிஸ். நீங்கள் தாறதைத்தான்."

"முருகன் ஆணை மிஸ், உங்கடை குளிசையிலைதான் உயிரோடை இருக்கிறன்."

பத்துப் பேரிடம் கேட்டேன், பத்துப் பேரும் சத்தியம் செய்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருவேளை அக்கா மட்டும்தானோ என்று கொஞ்சம் ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதலை நான் நம்பவில்லை. என் குரலைக் கேட்டதுமே அவர்கள் கிளினிக்கில் இருப்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு கதைப்பது எனக்கே கேட்டது. பதினொரு வருடம் அவர்களைப் பயப்படுத்தி வைத்திருந்தவள் நான்தானே.

பிறகு கேள்வியை மாற்றினேன். தெல்லிப்பழையில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர், அவரைத்தான் முதலில் பிடித்தேன்.

"ஐயா, இது கிளினிக் அலுவல் இல்லை, என்ரை சொந்த அலுவல். எங்கடை அக்கா கனடாவிலை இருந்து வாற குளிசைதான் போடுறவ. அது முடியப் போகுது. ஆரிட்டையும் கொஞ்சம் இருக்குமோ எண்டு விசாரிக்கிறன், அந்தரமாய்க் கிடக்கு."

"இதை முன்னமே கேக்கக்கூடாதே பிள்ளை!" என்றார் அவர். குரல் அப்படியே இளகிவிட்டது. "என்னட்டை லண்டன் குளிசை ரண்டு போத்தில் கிடக்கு. மகள் அனுப்பினது. நான் அதைத்தான் போடுறது. மருமேனிட்டைக் குடுத்து விடவோ?"

யாழ்ப்பாண நகரில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் மகன் கட்டாரிலிருந்து அனுப்புவதாகச் சொல்லி, பாதியைப் பிரித்துத் தரவா என்று கேட்டார். ஒரு பெண் சுவிஸ் குளிசை வைத்திருந்தாள். இன்னொருத்தி சென்னையில் படிக்கும் தம்பி மூலம் எடுப்பித்தாளாம். காலையில் முருகன் ஆணையிட்டவரையும் திரும்ப அழைத்தேன். "அக்காவுக்கு எண்டால் இந்தா இப்பவே அனுப்புறன்" என்றார் அந்த மனிதர். உண்மையைக் கேட்டபோது பொய் சொன்னவர்கள், உதவி கேட்டதும் அலுமாரியைத் திறந்துவிட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மத்தியானத்துக்குள் நல்ல பட்டியலில் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது.

பிறகு கழித்து வைத்த பட்டியலை எடுத்தேன். அவர்களிடமும் அதே கேள்வி.

"எங்களுக்கு வெளியிலை ஆர் மிஸ் இருக்கினம்?"

"இருந்தால் நாங்கள் ஏன் உந்த வரிசையிலை நிக்கிறம்?"

ஒருவர் அல்ல, இருவர் அல்ல. தொலைபேசியில் கிடைத்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். அந்தக் குளிசையை உண்மையில் விழுங்கியவர்கள் இவர்கள். குளிசை வேலை செய்யாமல் வலிப்பு வந்தவர்களும் இவர்கள். வலிப்பு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, குளிசை போடாதவர்கள் என்று சொல்லி இவர்களை நான் வெளியே தள்ளியிருந்தேன். கோப்புக்குள் இருந்தது லண்டன் குளிசைக்கும் கனடாக் குளிசைக்கும் கிடைத்த நற்பெயர்.

மூன்று மணிக்கு இரண்டு பட்டியலையும் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்துச் சொன்னேன். அக்காவையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் குறுக்கே கதைக்கவில்லை. சொல்லி முடித்ததும் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். ஏசினால் நல்லது என்றிருந்தது எனக்கு.

"கழிச்ச ஆக்கள் நீங்கள் முடிவெடுத்ததுதானே மிஸ்?"

"ஓம் டொக்டர்."

"எதை வைச்சு?"

"வலிப்பு வந்ததை வைச்சு டொக்டர்."

"நாளைக்கு நான் கையெழுத்து வைச்சு அனுப்பியிருப்பன்" என்றார். "நல்லாய் வேலை செய்யுது எண்டு நாங்களே எழுதிக் குடுத்தால், பேந்து நாடு முழுக்க உதுதான். வேறை வராது." கழித்த பட்டியலில் விரலை ஓட்டியவர் ஒரு பெயரில் நிறுத்தினார். "இந்தப் பருத்தித்துறைத் தம்பி கடலுக்குப் போறவரெல்லே? இவருக்கு எடுத்தனீங்களோ?"

"ரண்டு தரம் எடுத்தன். ஃபோன் நிப்பாட்டிக் கிடக்கு."

மனைவியின் இலக்கம் கொப்பியின் பின்பக்கத்தில் இருந்தது. டொக்டரே அதற்கு அழைத்தார். ஒலிபெருக்கியில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "அவர் மத்தியானமே வெளிக்கிட்டிட்டார் டொக்டர். விடியத்தான் வருவினம். ஏன் டொக்டர், ஏதும் பிரச்சினையோ?"

கடலுக்குப் போன மனிதனை யார் திருப்பிக் கூப்பிடுவது? ஒன்றுமில்லை, மருந்து மாற்ற வேண்டியிருக்கிறது, வந்ததும் கூட்டிவாருங்கள் என்று டொக்டர் சொல்லி வைத்தார். பிறகு என்னிடம், "கோப்பு நிக்கட்டும். நீங்கள் விடிய அங்கை போங்கோ மிஸ். அந்த மனிசனைக் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

கோப்பு அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுதி டொக்டர் ஒரு கடிதம் அனுப்பினார், என் பிழையையும் மறைக்காமல். பிறகு பல மாதம் அது இழுபட்டது. குளிசை மாதிரிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள், வேறு ஊர்க் கிளினிக்குகளையும் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். கடைசியில் அந்தக் குளிசை எங்கள் மருந்தறைக்கு வருவது நின்றது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எனக்கு இவை ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு மனிதன் கடலில் நிற்கிறான், அவனுக்கு எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்பதுதான்.

முதல் பஸ்ஸில் போனேன். அவர்கள் வீடு கரையிலிருந்து நாலு வீடு தள்ளி. அந்தப் பெண் என்னைக் கண்டதும் பதறிப்போய் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். ஏழு மணியாகிவிட்டது. வேறு படகுகள் வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, அவருடைய படகு இன்னும் வரவில்லை. நான் இருக்கவில்லை. இருவரும் கரைக்கு நடந்தோம்.

"மிஸ், நான் உங்களுக்குக் காட்டத்தான் எடுத்து வைச்சனான்" என்று அவள் கையிலிருந்த பள்ளிக்கூடக் கொப்பியை நீட்டினாள். மகளின் பழைய கணக்குக் கொப்பி. பின்பக்கத் தாள்களில் நாள் நாளாகக் கோடு கீறி, காலைக்கு ஒரு சரி, பின்னேரத்துக்கு ஒரு சரி. இடையிடையே சிவப்புப் பேனாவால் பிழை அடையாளம்.

"நீங்கள் அண்டைக்குச் சொன்ன நாளிலை இருந்து குளிசையை அவற்ரை கையிலை குடுக்கிறேல்லை மிஸ். நானே வாயிலை போட்டு, தண்ணி குடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்துத்தான் விடுறது. கடலுக்குப் போறதெண்டால் போக முன்னம் விழுங்கோணும். அப்பிடியிருந்தும் வருது. அந்தச் சிவப்பெல்லாம் வலிப்பு வந்த நாள். எங்கையோ துப்பிப் போடுறார் மிஸ், எனக்குக் கண்டுபிடிக்கேலாமல் கிடக்கு. கட்டின சாரத்தை உதறிப் பாப்பன், வளவெல்லாம் தேடுவன். ஒருக்கால் கோவத்திலை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போய் இருந்திட்டன்."

தாள்களைப் புரட்டினேன். ஒரு நாளும் தவறவில்லை. டொக்டர் சொன்ன அந்தப் பரிசோதனைகளில்கூட இதைவிடக் கடுமையாக ஒருவரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் கிளினிக்கின் அத்தனை கொப்பிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் உண்மை எழுதியிருந்த கொப்பி இது ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"தங்கச்சி, அவர் துப்பேல்லை. ஒழுங்காய்த்தான் போட்டிருக்கிறார். குளிசைதான் சரியில்லை. பிழை என்னிலை."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விளங்கவில்லையோ என்று நினைத்துத் திரும்பச் சொன்னேன். அவள் கடல் பக்கம் திரும்பிவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. வெயில் ஏறியது. வந்த ஒவ்வொரு படகையும் அவள் நிறத்தைப் பார்த்தே அதில்லை என்று ஒதுக்கினாள். எட்டு மணிக்குப் பிறகுதான் அவருடைய படகு தெரிந்தது. மூன்று பேர் போன படகில் இரண்டு தலைதான் தெரிந்தன.

அவள் சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினாள். நானும் செருப்போடு இறங்கினேன். படகின் அடியில் வலைக்கு மேல் அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாயோரம் இரத்தம் காய்ந்திருந்தது. அவருடைய இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை படகின் குறுக்குப் பலகையில் முடிந்திருந்தது.

"விடியப்புறம் வந்தது அக்கா, பயப்பிடாதையுங்கோ" என்றான் கூட வந்தவன். "கட்டினபடியால் கடலுக்கை விழேல்லை. கன நாளாய் இப்பிடிக் கட்டித்தான் கொண்டு போறம். அண்ணைதான் கட்டச் சொன்னவர். வீட்டிலை சொல்ல வேண்டாம் எண்டவர்."

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, நகம் ஏறவில்லை. கணவன் எழும்ப முயன்று, "போட்டனான், நீ பாத்தனீதானே" என்று குழறினார். அவள் சேலைத் தலைப்பால் அவருடைய வாயைத் துடைத்தாள். பிறகு முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள். குரலில் கோபம் இல்லை.

"நான் உவரை நம்பேல்லை மிஸ். உங்களைத்தான் நம்பினனான்."